அளவெடுக்கும் நாள்

ஜவ்வரிசிக் கஞ்சி கொதித்துக் குமிழி விடுகிற நேரத்தில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. செல்லாயி கரண்டியும் கையுமாக வாசலுக்கு ஓடினாள். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், பின்பக்கக் குழாயைத் திறந்துவிட்டு மண்ரோட்டை நனைத்துக்கொண்டே லாரி ஆடி அசைந்து வந்தது.

"ஏனுங்ண்ணா, இன்னைக்குத்தானா?"

"இன்னைக்கேதான் அம்மணி" என்றார் டிரைவர் வேலுசாமி. "எட்டு மணிக்கு மெசின் வருதாம். எப்பவும் போல உம்பட ஊட்டு மாடிதான். நீ வடாத்த ஊத்து, ஊத்து!"

செல்லாயிக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது.

சங்ககிரிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊருக்குத் தலைமாட்டிலேயே கல் உடைக்கும் கிரஷர். காற்றில் எவ்வளவு தூசி கலந்திருக்கிறது என்று அளக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெசின் வரும். அது வருகிற நாள் கிரஷர்காரர்களுக்கு மட்டும் எப்படியோ முன்கூட்டியே தெரிந்துவிடும். அன்றைக்குக் கிரஷர் பேருக்கு ஓடும். டிப்பர் லாரிகள் சுற்றுவழியில் போகும். ரோட்டுக்கு நாலு தரம் தண்ணீர். ஊர்ப் பெண்கள் முகூர்த்த நாளை விட்டாலும் விடுவார்கள், அளவெடுக்கும் நாளை விடமாட்டார்கள். போர்வை துவைப்பது, மிளகாய் காயப்போடுவது, மெத்தையை உதறுவது எல்லாம் அன்றைக்குத்தான்.

செல்லாயிக்கு வடாம்தான் பிழைப்பு. கல்யாணச் சமையலுக்கு மொத்தமாகப் போட்டுக் கொடுப்பாள். போன தடவை கொடுத்த சரக்கைத் திருச்செங்கோட்டுச் சமையல் காண்ட்ராக்டர் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். பந்தியில் உட்கார்ந்தவர்கள் பல்லில் நறநறவென்று மண் கடிபட்டதாம். இந்தத் தரமும் அப்படி இருந்தால் உங்கள் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று சொல்லித்தான் பெரிய ஆர்டர் ஒன்றைக் கொடுத்திருந்தார். அத்தனை வடாமும் காய மூன்று வெயில் வேண்டும். மெசின் இருக்கப்போவதோ ஒரே ஒரு நாள்.

எட்டு மணிக்கு ஜெகதீஸ்வரன் வந்தான். தனியார் லேப் ஒன்றில் ஒப்பந்தத்துக்கு வேலை பார்க்கிறவன். நெஞ்சு உயரத்துக்கு இருந்த தகரப் பெட்டியை இரண்டு பேர் பிடித்து மாடியேற்றினார்கள். அதன் தலைக்குள் வெள்ளைத் தாள் ஒன்றை, குழந்தைக்குத் துணி மாற்றுகிற பக்குவத்தோடு விரித்தான். சுவிட்சைப் போட்டதும் பெட்டி மாவு மில் கணக்காக இரைய ஆரம்பித்தது.

பிளாஸ்டிக் தாள் விரித்து வரிசை வரிசையாக வடாம் ஊற்றிக்கொண்டிருந்த செல்லாயி கேட்டாள்: "இதுல எப்படிங் சாமி தெரியும்?"

"தாளை மொதல்ல எடை போட்டு எடுத்துட்டு வருவோமுங்க. இது காத்த உறிஞ்சும். தூசியெல்லாம் தாள்மேல தங்கிக்கும். மறுபடி எடை போட்டா எச்சா இருக்குறதுதான் தூசி. அவ்ளோதானுங்க்கா."

"எத்தன நேரம் ஓடோணும்?"

"பதினாறு மணி நேரமாச்சும் ஓடோணுங்க. கொறஞ்சா செல்லாது. மறுநா மறுபடி வெக்கோணும்."

கரண்டியைக் கஞ்சிக்குள் விட்ட செல்லாயி அதை எடுக்கவில்லை. "மறுபடி வெச்சா, அன்னைக்கும் ரோட்டுக்குத் தண்ணி உடுவாங்களா?"

"மெசின் இருக்குற வரைக்கும் உடுவாங்க." ஜெகதீஸ்வரன் அவளைப் பார்த்துச் சிரித்தான். எதற்குக் கேட்கிறாள் என்று அவனுக்கு அப்போது புரியவில்லை.

மத்தியானம் வந்து தாளை மாற்றி வைத்துவிட்டு, சாயங்காலம் சங்ககிரி லாட்ஜுக்குக் கிளம்பிப் போனான். அவன் பைக் ரோட்டு முனை திரும்புகிற வரை செல்லாயி மாடியில் நின்று பார்த்தாள். இதுநாள் வரைக்கும் அடுத்தவர் பொருளில் கைவைத்துப் பழக்கமில்லாதவள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சுவிட்சை அணைத்தாள்.

காலையில் வந்தவன் பெட்டியின் மீட்டரைக் குனிந்து பார்த்தான். பத்து மணி நேரம்தான் ஓடியிருந்தது.

"கரண்ட் போயிருச்சுங் சாமி" என்றாள் செல்லாயி, கேட்பதற்கு முன்பே. "ராத்திரி முச்சூடும் வரவேயில்ல."

அவன் ஆபீசுக்குப் போன் போட்டான். இன்னொரு நாள் வைக்கச் சொன்னார்கள். சற்று நேரத்தில் தண்ணீர் லாரி மறுபடி வந்தது. தெருவே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. முந்தின நாள் போர்வை துவைத்தவர்கள் இன்றைக்குத் திரைச்சீலையைக் கழற்றினார்கள். பக்கத்து வீட்டுக் கந்தம்மாள் பண்டிகைக்கென்று எடுத்து வைத்திருந்த பட்டுச் சேலையைக் கொடியில் உலரப் போட்டுவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மாடியில் வடாம் முத்து முத்தாகக் காய்ந்தது.

அன்று சாயங்காலமும் கரண்ட் போனது. இந்தத் தடவை செல்லாயி கண்ணை மூடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவள் "கரண்ட்" என்று ஆரம்பிப்பதற்கும் கந்தம்மாள் மாடியேறி வருவதற்கும் சரியாக இருந்தது. "கரண்ட் போச்சா? எங்கூட்ல ராத்திரியெல்லாம் பேன் ஓடுச்சே, செல்லாயி!"

செல்லாயி குனிந்து ஒரு வடாத்தைத் திருப்பிப் போட்டாள். ஜெகதீஸ்வரன் அவளைப் பார்த்தான், சுவிட்சைப் பார்த்தான், மாடி நிறையப் பரந்து கிடந்த வடாத்தைப் பார்த்தான். ஒன்றை எடுத்துக் கடித்தான்.

"நறநறக்கலீங்க்கா" என்றான். "இன்னைக்கும் கரண்ட் போகுமுங்களா?"

"போகாதுங் சாமி. இன்னைக்கு வெயில்ல எல்லாமே காஞ்சுரும்."

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சமாசாரம் புரிந்ததும் கந்தம்மாள் அவனைவிட உரக்கச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு அவள்தான் கேட்டாள்: "ஏந்தம்பி, இத்தன பாடு எதுக்கு? கிரஷர் முழுசா ஓடுற நாள்ல இந்தப் பொட்டிய வெச்சு அளந்தா என்ன?"

"மெசின் இங்க நிக்கிற வரைக்கும் அவங்க ஓட்டமாட்டாங்களேங்க. எடுத்துட்டுப் போனாத்தான் ஓட்டுவாங்க."

"அப்ப இந்தப் பொட்டிய இங்கயே உட்டுட்டுப் போயிரு சாமி. நாங்க நல்லாப் பாத்துக்கறோம்" என்றாள் கந்தம்மாள். மறுபடியும் சிரிப்பு.

செல்லாயிக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. "ரெண்டு நாளும் பாதியில நின்ன தாளையெல்லாம் என்ன பண்ணுவீங்?"

"எத்தன மணி நேரம் ஓடுச்சுன்னு எழுதி அதையும் ஆபீஸ்ல குடுத்துருவேனுங்க. அங்க அவங்க பாத்துக்குவாங்க." உறைக்குள் போட்டிருந்த தாள்களை எடுத்துக் காட்டினான். பால்போல இருந்தன.

வெள்ளிக்கிழமை காண்ட்ராக்டர் வந்து தகரடப்பாவைத் திறந்தார். ஒரு வடாத்தை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். பிறகு இன்னொன்று. அடுத்த மாதத்து முகூர்த்தங்களுக்கும் அங்கேயே ஆர்டர் சொல்லிவிட்டுத்தான் வண்டியேறினார். செல்லாயிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்றே ஒரு சட்டி எண்ணெய் காய வைத்துத் தெருவுக்கே வடாம் பொரித்துக் கொடுத்தாள். ஒன்றுக்கு இரண்டாக வேலுசாமிக்கு.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கிரஷர் மேனேஜரின் கார் வாசலில் வந்து நின்றது. கையில் இனிப்புப் பெட்டி. இன்னொரு கையில் நாலைந்து பக்கம் காகிதம்.

"மொத இனிப்பு உங்களுக்குத்தானுங்க" என்றார். "ரெண்டாவது கிரஷர் போட எழுதிப் போட்டிருந்தோம். ஒரு நாள் அளவெடுத்தாப் பத்தாது, எச்சா வேணும்னு கவர்மெண்டுல ஆறு மாசமா இழுத்தடிச்சாங்க. உங்கூட்ல கரண்ட் போயிப் போயி மூணு நாள் கணக்கு சேந்துருச்சு. பாதியில நின்ன தாளையும் சேத்துக்கிட்டாங்க. அனுமதி வந்துருச்சுங்க! ரிப்போர்ட் ஒரு காப்பி உங்களுக்கு. உங்க பேருகூட இருக்குது."

செல்லாயி பெட்டியை வாங்கிக்கொண்டாள். "உக்காருங்க, மோர் குடிச்சிட்டுப் போலாம்" என்றுதான் வாயில் வந்தது. அவசரமாகப் போகவேண்டும் என்று அவர் கிளம்பிவிட்டார்.

யார்மேல் கோபப்படுவது? மேனேஜர்மேலா, தாளைச் சேர்த்துக்கொண்டவர்கள்மேலா, சுவிட்சை அணைத்த தன் கைமேலா? வெள்ளை வடாத்துக்கு ஆசைப்பட்டோமே, அது ஒரு குற்றமா?

"அம்மா, நெஜமாவே உம்பேரு போட்டிருக்குது" என்றாள் மகள் இனியா, காகிதத்தைப் புரட்டியபடி. கல்லூரியில் படிக்கிறவள். செல்லாயி தன்னையறியாமல் எட்டிப் பார்த்தாள். ரேசன் கார்டைத் தவிர வேறெங்கும் அவள் பேர் அச்சில் வந்ததில்லை.

"படி கண்ணு, என்ன போட்டிருக்குன்னு."

இனியா வாயெடுப்பதற்குள், கிரஷருக்குக் கல் எடுக்கிற குவாரியில் சங்கு ஊதியது. பாறைக்கு வைக்கும் மத்தியான வெடிக்கு இன்னும் மூன்று நிமிடம். இனியா சன்னல்களைச் சாத்திக் கொக்கி போட்டாள். செல்லாயி வாசல் கதவை அடைத்து, அடியிலிருந்த சந்தில் பழைய சாக்கைச் சுருட்டித் திணித்தாள். பட்டப்பகலில் வீடு இருண்டுபோனது.

இனியா டியூப் லைட்டைப் போட்டு, அதன் அடியில் நின்று வாசித்தாள்.

"அளவெடுத்த இடம், செல்லாயி வீட்டு மாடி. நாட்கள் மூன்று. காற்றின் தரம், நன்று."