பகா எண் வந்தால் வருவேன்

மஸ்கட்டிலிருந்து வரும் கடிதத்தை இசபெல்லா ஒரு நாளும் தனியாகப் படித்ததில்லை. மாமனார் கஸ்பார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படிப்பார், வீடே கேட்கும். அப்படியிருக்க, புருஷன் அருள்நாதன் பெண்டாட்டிக்கென்று என்னத்தை எழுதிவிட முடியும்? அதனால் கடைசியில் ஓர் எண்ணை மட்டும் எழுதுவான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான கணக்கு என்று வீட்டில் நம்பினார்கள். இரண்டு பேரும் கணக்கில் பி.எஸ்ஸி. படித்தவர்கள், இவள் தருமபுரியில் டீச்சர் வேறு. யாருக்குச் சந்தேகம் வரும்?

விஷயம் வேறு. அது பகா எண்ணாக இருந்தால், கம்பெனி லீவு கொடுத்துவிட்டது, வருகிறேன் என்று பொருள். ஏதாவது ஒன்றால் வகுபட்டுவிட்டால் இந்தத் தடவையும் இல்லை. பெற்றவர்களுக்கு வீணாக ஆசை காட்டக் கூடாதாம். பெண்டாட்டி ஏமாந்தால் பரவாயில்லை போலிருக்கிறது.

முதலில் வந்தது 1001. ஏழால் வகுத்ததுமே உடைந்துவிட்டது. அடுத்தது 10403, நூற்றொன்று வரை தாக்குப்பிடித்தது. அவன் போய் மூன்றாம் வருஷம், 1986 தை மாதம் வந்தது 1022117.

பழைய கல்லூரிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பகா எண்களின் பட்டியல் இருந்தது, மொத்தம் நூற்று அறுபத்தெட்டு. பஸ்ஸிலும் ஓய்வு நேரத்திலும் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தாள். பதினோரு நாள் ஆயிற்று. கடைசி எண் 997, மீதி 192. எதனாலும் வகுபடவில்லை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கட்டிலுக்குப் புதுக் கயிறு போடச் சொன்னாள். ஏனென்று மாமியார் கேட்டதற்கு மூட்டைப்பூச்சி என்று கூசாமல் புளுகினாள்.

அதற்கு ஐந்தாம் நாள் ஒன்பதாம் வகுப்பில் வர்க்கமூலம் நடத்தினாள். சந்தோஷம் சும்மா இருக்க விடுமா? தன் எண்ணையே கரும்பலகையில் எழுதிப் போட்டுக் காட்டினாள். 1010 என்று வந்து, கொஞ்சம் மீதியும் நின்றது. அவள் கை அப்படியே நின்றது. வர்க்கமூலம் வரைக்கும் வகுத்துப் பார்த்த பிறகே ஓர் எண்ணைப் பகா எண் என்று சொல்லலாம். பிள்ளைகளுக்கு வருஷாவருஷம் அவளே சொல்வதுதான். புத்தகத்துப் பட்டியலோ ஆயிரத்தோடு முடிந்துவிட்டது. ஆயிரத்துக்கும் ஆயிரத்துப் பத்துக்கும் நடுவே 1009 என்று ஒரு பகா எண் மிச்சம் இருக்கிறது.

நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, வகுத்தாள். ஈவு 1013. மீதி ஒன்றுமில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கோபம் கோபமாக வந்தது. அதே புத்தகத்தைப் படித்தவன்தானே அவனும். பட்டியல் முடிந்ததும் வருகிற முதல் இரண்டு பகா எண்களை எடுத்துப் பெருக்கியிருக்கிறான். வரவில்லை என்று சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. அவள் நம்பிக்கொண்டிருக்கும் நாட்களையாவது கூட்டிக் கொடுத்திருக்கிறான். அது புரிந்ததும் கோபம் போய் அழுகை வந்தது. இந்த நிமிஷமே அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவன் தோளில் சாய்ந்துகொள்ள வேண்டும் என்றிருந்தது.

சாயங்காலம் பதில் கடிதம் எழுதினார்கள். கஸ்பார் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்: ராகி அறுத்தாயிற்று, மாடு கன்று போட்டது, எல்லோரும் சுகம். அடியில் தனக்கென்று விட்ட இடத்தில், 'இனிமே எண் எதுவும் எழுதாதீங்க. எனக்கு உங்களப் பாக்கணும். வந்துடுங்க' என்று எழுதினாள். ஒட்டுவதற்கு முன் மாமனார் படித்துப் பார்ப்பார் என்று தெரிந்தேதான் நீட்டினாள்.

கஸ்பார் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நாஞ்சொன்னதெல்லாம் அடிச்சிடும்மா," என்றார். "இத மட்டும் பெருசா எழுது."