தகவலாளி ஏழு சொன்னது

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் இராமதாஸ் சொன்னது. இராமதாஸ் ஒரு தமிழ் ஆய்விதழை நடத்துகிறவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டிய இதழ், வரும்போது வரும். எனக்கு மட்டும் சொல்லியிருந்தால் இவ்வளவு அவசரப்பட்டிருக்க மாட்டேன். பக்கத்தில் வேம்புவும் இருந்தாள்.

"பேரு ஊரு ஒண்ணும் கெடையாது, சும்மா சொல்றேன். ரெண்டு பேரும் எழுதிடாதீங்க" என்றார் இராமதாஸ்.

இருவரும் தலையாட்டினோம். தலையாட்டிக்கொண்டே நான் வேம்புவின் முகத்தைப் பார்த்தேன். முதல் வரியை யோசித்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைவிட நன்றாக எழுதுவாள். இதை இதுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. ஆகவே இந்தக் கதையில் எங்காவது அவசரம் தெரிந்தால், அதற்கு அவள்தான் காரணம்.

(பெயர்களை மாற்றிவிட்டேன். புதுச்சேரியில் அதனால் பெரிய பயன் இல்லை.)

2

முதல் தொடக்கம்: கட்டுரை தபாலில் வந்த அன்று பக்கிரி மிகவும் மகிழ்ச்சியாக இருந்தார், ஏனென்றால் அவர்

வேண்டாம். அவர் மகிழ்ச்சியாக இருந்ததை யாரும் பார்த்ததில்லை.

இரண்டாம் தொடக்கம்: பொறாமை என்பது அன்பின் மறுபக்கம் என்று சொல்பவர்கள்

இதுவும் வேண்டாம். அப்படிச் சொல்பவர்கள் பொறாமைப்பட்டதில்லை. பொறாமைக்கு மறுபக்கமெல்லாம் கிடையாது. வயிற்றில் ஒரு இடம் இருக்கிறது, அங்கே எரியும், அவ்வளவுதான்.

மூன்றாவதாக, நேராகவே சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரத்து ஆறில் இராமதாசின் இதழுக்கு ஒரு புது யோகம் வந்தது. நடுவர் பார்க்காத இதழில் வரும் கட்டுரை பதவி உயர்வுக்குச் செல்லாது என்று கல்லூரிகளில் ஒரு பேச்சு கிளம்பியது. உடனே இராமதாஸ் தன் இதழுக்கும் நடுவர் ஏற்பாடு செய்தார். கட்டுரையில் எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு, அந்தத் துறை தெரிந்த ஒருவருக்கு அனுப்புவது. அவர் படித்துக் குறை நிறை எழுதித் தருவார். எழுதியவருக்கு நடுவர் யாரென்று தெரியாது, நடுவருக்கு எழுதியவர் யாரென்று தெரியாது. தெரிந்துவிட்டால், அல்லது தனக்கும் அந்தக் கட்டுரைக்கும் ஏதாவது ஒட்டு உறவு இருந்தால், நடுவர் "நான் பார்ப்பது முறையல்ல" என்று திருப்பி அனுப்பிவிட வேண்டும். இது விதி. அச்சடித்து உறையோடு வைத்திருந்தார்கள்.

நடுவர் என்ற முறையில் பக்கிரிக்கு வந்த கட்டுரையின் தலைப்பு: "முத்தியால்பேட்டைப் பெண்கள் பேச்சில் ஊடல் சொற்கள்."

3

பக்கிரி ஒரு கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். பேச்சுவழக்கு அவர் துறை. இருபது வருடமாக அதே துறையில், அடுத்த மேசையில், மதிவாணன். பக்கிரி ஒரு சொல்லை ஆராய்ந்து முடிப்பதற்குள் மதிவாணன் அதைப்பற்றி வானொலியில் பேசிவிட்டு வந்துவிடுவார். மாணவர்கள் சந்தேகம் கேட்க பக்கிரியிடம் வருவார்கள், போட்டோ எடுத்துக்கொள்ள மதிவாணனிடம் போவார்கள். மதிவாணன் கெட்டவராக இருந்திருந்தால் பக்கிரிக்கு எவ்வளவோ நிம்மதி. அவர் நல்லவர், குருசுக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வந்து படித்தவர், யாரைப் பற்றியும் புறம் பேசாதவர். அதுதான் தாங்கவில்லை.

மூன்றாம் பக்கத்திலேயே எழுதியவர் யாரென்று பக்கிரிக்குத் தெரிந்துவிட்டது. "எனலாம்" என்று எழுத வேண்டிய இடத்திலெல்லாம் "எனத் துணியலாம்" என்று எழுதுகிறவர் ஊரில் ஒருவர்தான்.

அப்போதே உறையை ஒட்டித் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். நானும் அதைத்தான் எழுத நினைத்தேன். அனுப்பினால் கதை இல்லை. (வாசகரே, இந்த இடத்தில் என் சுயநலத்தைக் கவனித்திருப்பீர்கள். அவர் தவறு செய்வதில் எனக்கு லாபம் இருக்கிறது.)

ஆறாம் பக்கத்தில் எடுத்துக்காட்டு வாக்கியங்கள். தகவல் தந்த பெண்களுக்குப் பெயர் இல்லை, எண் மட்டும். தகவலாளி ஏழு: வயது நாற்பத்தொன்று, கணவர் ஆசிரியர்.

"ஒரு வாரமா மூலேனா இருக்காரு. சோறு போட்டா சாப்புடுறாரு, பேச்சு குடுத்தா செவுத்தப் பாக்குறாரு."

பக்கிரி அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

உள்ளே அவருடைய மனைவி ஏவ்லின் வஞ்சிரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

4

மூலேன் என்ற சொல் அகராதியில் இல்லை. தெருவிலும் இல்லை. உலகத்தில் அது ஒரே வீட்டில் இருந்தது.

ஏவ்லினின் அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். இந்த ஊர் வழக்கில் சொல்தா. அவர் அல்ஜீரியாவில் இருந்தபோது மூலேன் என்று ஒரு சர்ஜான், அதாவது சார்ஜன்ட், இருந்தானாம். ஊரில் அவன் பெண்டாட்டி. அவளிடமிருந்து கடிதம் வருவது ஒருநாள் தள்ளிப்போனாலும் போதும், ஆள் பேச்சை நிறுத்திவிடுவான். அவள் யாரோடு இருக்கிறாளோ என்று கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பானாம். ஓய்வுபெற்று ஊர் திரும்பிய மாமனார், யாராவது வீட்டில் காரணமில்லாமல் சந்தேகப்பட்டு முகத்தைத் தூக்கினால், "என்னா, மூலேன் ஆயிட்டியா" என்பார்.

கல்யாணமான புதிதில் பக்கிரிக்கு இந்தக் கதையைச் சொன்னது ஏவ்லின்தான். அவள் அத்தை மகன் பாரிசிலிருந்து வந்து அவளுக்கு ஒரு வாசனைப் புட்டி கொடுத்த நேரம். பக்கிரி பேசவில்லை. "நீங்க மூலேன் ஆயிட்டீங்க" என்று அவள் சிரித்தாள். கதையைச் சொன்னாள். அவரும் சிரித்துவிட்டார். அதன்பிறகு வருடத்துக்கு இரண்டு மூன்று முறை அந்தச் சொல் வீட்டில் புழங்கும். சொன்னதும் அவர் கொஞ்சம் இளகிவிடுவார்.

(மாமனார், அத்தை மகன், வாசனைப் புட்டி எல்லாம் என் கைச்சரக்கு. இராமதாஸ் சொன்னது நடுவர் குறிப்பில் இருந்தது மட்டும். வீட்டுக்குள் நடந்ததை அவர் எப்படிச் சொல்வார்? நான் எப்படிச் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள்.)

அந்தச் சொல் இப்போது மதிவாணனின் கட்டுரையில் இருந்தது. அதற்குக் கீழே அவருடைய விளக்கம்: "மூலையில் ஒதுங்கி அமர்தல் என்பதிலிருந்து மூலேன் பிறந்தது எனத் துணியலாம். பொதுவான கோபத்தைக் குறிக்கும்."

தப்பு. சுத்தமாகத் தப்பு. பக்கிரிக்கு இனித்தது. உடனே இன்னொன்று உறைத்தது: அவன் என் வீட்டுக்கு வந்திருக்கிறான். நான் இல்லாதபோது வந்திருக்கிறான். என் பெண்டாட்டி என்னைப் பற்றி அவனிடம் பேசியிருக்கிறாள். அடுத்த மேசையில் உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

5

பக்கிரியின் பாத்திரம் எனக்குப் பிடிபடவில்லை. அவர் ஏன் எழுந்து உள்ளே போய்க் கேட்கவில்லை? கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் தீர்ந்திருக்கும். "நீங்க விழுப்புரம் பேப்பர் திருத்தப் போனப்ப மதி சார் வந்தாருங்க. தெருவுல எல்லா வீட்டுக்கும்தான் போனாரு. அன்னைக்கே சொன்னேன், நீங்க பேப்பர்ல மூஞ்சிய வெச்சிக்கினு உம் கொட்டுனீங்க" என்று சொல்லியிருப்பாள்.

மதிவாணனும் மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. "உங்க பேர யார்ட்டயும் சொல்ல மாட்டேன், உங்க வீட்டுக்காரர்ட்ட கூட" என்று ஒவ்வொரு பெண்ணுக்கும் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் டேப் ரிக்கார்டரை அழுத்தினார். அந்த வாக்கைக் காப்பாற்றினார். ஒழுங்காக நடந்துகொண்டவர் திருடனைப்போலத் தெரிவது இப்படித்தான்.

ஆனால் பொறாமைப்படுகிறவன் கேட்க மாட்டான். கேட்டால் பதில் வந்துவிடுமே. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். "நீ எழுதுறியா" என்று வேம்புவுக்கு ஒரு போன் செய்தால் போதும். செய்யவில்லை. இந்த வாரம் மட்டும் அவள் தெரு வழியாக இரண்டு தடவை போய்விட்டேன்.

6

நடுவர் குறிப்பை பக்கிரி எட்டு நாள் எழுதினார் என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். ஒரே மூச்சில் எழுதினார், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால்.

"கட்டுரையாளரின் சொற்பிறப்பு நகைப்புக்குரியது. மூலேன் என்பது மூலை அன்று. ஒரு பிரெஞ்சுச் சர்ஜானின் பெயர்." பிறகு அல்ஜீரியா, கடிதம், கட்டில், சுவர், எல்லாவற்றையும் எழுதினார். "இச்சொல் பொதுவான கோபத்தைக் குறிப்பதன்று. மனைவிமீது ஐயம் கொண்ட கணவனின் மௌனத்தை மட்டுமே குறிக்கும். இந்த அடிப்படைகூடத் தெரியாதவர் களஆய்வு செய்திருப்பது வியப்பு. கட்டுரையை நிராகரிக்கலாம்."

எழுதும்போது கை நடுங்கியது என்று போடலாம். நடுங்கவில்லை. இருபது வருடத்தில் அவர் எழுதியவற்றிலேயே மிக நன்றாக வந்த பக்கம் அது. அதைப் படித்துப் பாராட்ட உலகத்தில் ஒருவரும் இல்லை என்பது மட்டும் அவருக்கு வருத்தம்.

ஒன்றை அவர் யோசிக்கவில்லை. ஏவ்லினுக்குச் சர்ஜான் கதை மறந்துவிடவில்லை. பிறகு ஏன் மதிவாணனை மூலை என்று நினைக்கவிட்டாள்?

7

இராமதாஸ் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னது:

"ரெண்டு பேரும் ஒரே டிபார்ட்மெண்ட்டுன்னு எனக்குத் தெரியும்யா. தெரிஞ்சேதான் அனுப்புனேன். இந்த ஊர்ல அந்தப் பாடம் தெரிஞ்ச வேற ஆளு யாரு இருக்கான்? குறிப்பு வந்துச்சி. நிராகரிக்கலாம்னு இருந்த வரிய எடுத்துட்டேன், அந்தச் சர்ஜான் சமாச்சாரத்த மட்டும் மதிக்கு அனுப்புனேன். அவன் துள்ளிக் குதிச்சிட்டான்."

மதிவாணன் கட்டுரையைத் திருத்தினார். மூலை போனது, சர்ஜான் வந்தான். கட்டுரை முன்பைவிடப் பலமடங்கு நன்றாக ஆகிவிட்டது. தலைப்பைக்கூட மாற்றினார்: "மூலேன்: ஐயுறும் கணவனுக்கு ஒரு சொல்." கடைசியில் நன்றி: "இச்சொல்லின் உண்மைப் பொருளை அறியத் தந்த, பெயர் அறியா நடுவருக்கு."

தகவலாளி ஏழு பேசிய வாக்கியம் அப்படியே இருந்தது. கணவர் ஆசிரியர் என்பதும் இருந்தது.

8

இதழ் பக்கிரி வீட்டுக்கும் வந்தது, அவர் சந்தாதாரர். இங்கிருந்து கதை மூன்று வழியாகப் போகலாம்.

ஒன்று. பக்கிரி அதை ஒளித்துவைக்கிறார். ஏவ்லின் பார்ப்பதே இல்லை. (சோம்பேறித்தனமான முடிவு.)

இரண்டு. பக்கிரி மதிவாணனிடம் போய் ஒப்புக்கொள்கிறார், மதிவாணன் அவரைக் கட்டிக்கொள்கிறார், கடற்கரைச் சாலையில் இருவரும் (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.)

மூன்று. ஏவ்லின் படிக்கிறாள்.

கட்டிலில் சாய்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, நன்றி வரைக்கும் படித்தாள். பக்கிரி நாற்காலியில் உட்கார்ந்து விடைத்தாள்களை அடுக்குவதுபோல இருந்தார்.

"ஏங்க, இத நான் சொல்லல."

"எத?"

"இந்த சர்ஜான் கத. மதி சார் கேட்டாரு, எப்பிடி வந்துச்சி இந்த வார்த்தன்னு. மூலையில உக்கார்றாங்கல்ல, அதான் மூலேன்னு சொல்லி அனுப்பிட்டேன். நீங்க சந்தேகப்படுற ஆளுன்னு அவர்ட்ட எப்பிடிங்க சொல்லுவேன்? தெனம் பக்கத்துல உக்கார்றவரு. கோவக்காரருன்னு நெனச்சிட்டுப் போவட்டும்னு விட்டேன்."

பக்கிரி மேலே இருந்த விடைத்தாளை எடுத்து அடியில் வைத்தார்.

"எங்கப்பா இல்ல. அம்மா இல்ல. அண்ணனுக்கு இதெல்லாம் ஞாபகமே கெடையாது. அப்ப இந்த நடுவருக்கு யாரு சொன்னது?"

கட்டுரை கைக்கு வந்த நாளிலிருந்து பக்கிரி ஒவ்வொரு விதியாக மீறிக்கொண்டே வந்தார். தெரிந்தவர் எழுதியது என்று தெரிந்தும் படித்தார். தன் வீட்டுப் பேச்சு என்று தெரிந்தும் தீர்ப்பு எழுதினார். கோபத்தைப் புலமையாக மாற்றி அனுப்பினார். மிச்சமிருந்தது ஒரே ஒரு விதி. அதை அவர் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நடுவர் யாருன்னு வெளிய சொல்லக் கூடாது ஏவ்லின். அது முறை இல்ல."

ஏவ்லின் கண்ணாடியைக் கழற்றினாள். அவரைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை. அப்புறம் வாயைத் திறந்து

9

இல்லை. இதை எழுத மாட்டேன்.

என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். நான் படைத்தவள்தானே, நன்றாகவே சொல்வாள். வேம்பு இதைவிட நல்ல பதிலாக எழுதுவாள், அதுவும் எனக்குத் தெரியும், அது எரிகிறது. ஆனாலும் எழுத மாட்டேன். மதிவாணன் அவள் வாயிலிருந்து ஒரு சொல்லை அனுமதி கேட்டு எடுத்தார். அவள் கொடுக்காமல் வைத்திருந்த மிச்சத்தை பக்கிரி கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். அதை இராமதாஸ் டீக்கடையில் வைத்தார், நான் கதையாக்கிவிட்டேன், நீங்கள் படித்துவிட்டீர்கள். ஒருவர்கூடக் கைகழுவிக்கொள்ள முடியாது.

இந்த ஒரு பதிலாவது அவளிடமே இருக்கட்டும். இல்லை, முடிவு தெரிந்தே ஆகவேண்டும் என்கிறீர்களா? முத்தியால்பேட்டைக்குப் போங்கள். தெருவில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள், பெயரை மாற்றியதெல்லாம் வீண் என்றுதான் முதலிலேயே சொன்னேனே. கதவைத் தட்டி, எழுதலாமா என்று முதலில் அவளைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.