தெய்வநாயகியின் நிறம்

எங்கள் தெருவில் தெய்வநாயகிக்கு மட்டும் மூன்று முகம். குழாயடியில் சண்டை பிடிக்கும் முகத்தைச் சொல்லவில்லை. உப்புக் கவரில் இருக்கும் முகத்தைச் சொல்கிறேன்.

அவள் புருஷன் தங்கராசு, தன் பாத்தியில் விளைந்த உப்பை அரைத்துப் பெண்டாட்டி பெயரையே வைத்து, அவள் படத்தையும் போட்டு 2005இல் விற்க ஆரம்பித்தான். முதல் லாட்டில் அச்சான கவரில் அவளுக்கு மஞ்சள் காமாலை. அடுத்த லாட்டில் சுட்ட செங்கல். மூன்றாவதில் விபூதி பூசிய மாதிரி சாம்பல். டூப்ளிகேட் என்று ஜனங்கள் வாங்க மறுத்ததும் கூனிமேட்டுக் கடைக்காரர் சரக்கைத் திருப்பி அனுப்பினார்.

“மூணு பேர்ல யாருங்க உங்க ஊட்டம்மா?” என்று கேட்டும் அனுப்பினாராம்.

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. மூன்றில் எதிலும் அவளுடைய கறுப்பு இல்லை.

“யக்கா, என் கலரு அவருக்கு வெக்கமா இருக்குது. ஸ்டூடியோல சொல்லி வெளுக்க வெச்சிட்டாரு” என்றாள் என்னிடம்.

“அவனாண்டயே கேளேன்.”

“ஆமான்னு சொல்லிட்டா?”

 

ஐப்பசி மழையில் பாத்தி வேலை ஓய்ந்திருந்த சமயம், கவர் அச்சடிக்கும் பாண்டிச்சேரி பிரஸ்ஸிலிருந்து ராஜவேல் என்ற பையன், கலர்க் கோளாறைச் சரிசெய்ய லேப்டாப்போடு தங்கராசு வீட்டில் வந்து இறங்கினான். காப்பித்தூள் கேட்கும் சாக்கில் நானும் போய்விட்டேன். கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்தான். பொட்டுக் கடலை அளவில் அதில் நூற்றுக்கணக்கான கலர்க் கட்டங்கள்.

“மிஷின்காரரு இதுவரைக்கும் கண்ணளவுல மை கலந்தாருங்க. கவர் ரோலும் தடவைக்கு ஒரு தினுசு. இனிமே ஒரே ரோலு, ஒரே மை. அதுல இந்தக் கட்டத்தையெல்லாம் அடிச்சி அளந்தாச்சி. நம்ம மிஷின்ல எந்தக் கலரு எப்படி விழும்னு கம்ப்யூட்டருக்குத் தெரியும், அதுக்குத் தக்கபடி படத்தைத் திருத்திக்கும். இதான் கலர் புரொஃபைல்” என்றான்.

பெருமையாக மாதிரிக் கவரை எடுத்து ஸ்டூடியோ போட்டோவின் பக்கத்தில் வைத்தான். அச்சு அசலாக அதேதான். இரண்டிலும் பால் வெள்ளை.

தங்கராசு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். “யாருப்பா இது?”

“உங்க ஊட்டம்மாதாங்க. போட்டோல இருக்கிற மாதிரியே வந்திருக்குது.”

அடுக்களையில் தெய்வநாயகியின் கரண்டி சத்தம் நின்றது. 

“போட்டோவே தப்புப்பா! ஸ்டூடியோல ராமதாஸு யார் வந்து உக்காந்தாலும் வெளுத்துத்தான் அனுப்புவான். இது அவ இல்லடான்னு சண்டைக்கே போனேன். ‘கவர்ல அடிச்சா தானா கறுத்துடும்ணா, சரியாப் பூடும்’னான். நம்பிட்டேன்.”

ராஜவேல் தலையைச் சொறிந்தான். “அப்போ எந்தக் கலருக்குங்க வைக்கிறது? அசல் ஒண்ணு வேணுமே.”

“அசலு உள்ள நிக்குது. நாயகி, இங்க வா.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அலமாரியில் இருந்த பவுடர் டப்பாவை நோக்கிக் கை தானாகப் போனது.

“அத்தத் தொடாத” என்றான் தங்கராசு.

கட்டங்களை அளக்கும் கருவி சோப்புப் பெட்டி அளவில் இருந்தது. ராஜவேல் அதை நீட்டக் கூச்சப்பட, தங்கராசு தானே வாங்கி அவள் கன்னத்தில் வைத்தான். பட்டப்பகலில்! நான் ஒருத்தி குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கும்போதே! கம்ப்யூட்டர் திரையில் ஒரு கட்டம் கறுப்பும் செம்மையுமாக நிறைந்தது, நனைந்த புளி மாதிரி.

“இதான். இதான் அவ” என்றான்.

“நீங்கதான் வெளுக்கச் சொன்னீங்கன்னு இத்தினி நாளா...” என்று இழுத்தாள்.

“நானா? அட லூசு!”

“அளந்தாச்சிங்க, எடுத்துடலாம்” என்றான் ராஜவேல். தங்கராசு எடுத்தால்தானே.

பிறகு ராஜவேல் முற்றத்து வெளிச்சத்தில் அவளைப் புதிதாக ஒரு படம் எடுத்து, அந்தக் கட்டத்தோடு ஒப்பிட்டுச் சரி செய்துகொண்டு போனான். அதன்பின் வந்த லாட் எல்லாம் ஒரே முகம். குறை கண்டுபிடிக்க நான் இரண்டு கவரை வெயிலில் வைத்துப் பார்த்தேன்; ஒன்றும் தேறவில்லை.

மாசி பிறந்து வெயிலில் பாத்தி வேலைக்கு இறங்கியதும் தெய்வநாயகி கவரைவிடக் கறுத்துவிட்டாள். ஒருநாள் தெருவே கேட்க அதட்டினாள்: “இன்னாங்க, கவர்ல வெளுப்பா இருக்கேனே, அந்தப் பையனை வரச் சொல்லுங்க!”

தங்கராசு அவள் முகத்தையே பார்த்தபடி தலையாட்டிக்கொண்டு நின்றான்.