ஆல்மாவின் கேரேஜில் ஹீட்டர் மாட்டிய நாள்

ஆல்மா ஜூப்பான்சிச் பதினோரு வருடமாகத் தன் கேரேஜைத் திறக்கவில்லை. மினசோட்டாக் குளிரில் காரை வாசலிலேயே நிறுத்தி, காலையில் சுடுகாபிக் கோப்பையோடு வந்து பனியைச் சுரண்டுவார். ஏன் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரியும். அவர் கணவர் ரூடி அந்த கேரேஜில்தான், தன் பிக்கப் வண்டியின் சீட்டில் செத்துக் கிடந்தார். கதவு மூடியிருந்தது, வண்டிச் சாவி திருப்பியிருந்தது. இன்ஜினை ஓடவிட்டு, அந்தப் புகையில் சாகவென்றே உட்கார்ந்துவிட்டார் என்று ஊர் ஒரே மாலையில் முடிவு கட்டியது. கவுண்டி அலுவலகம் கொடுத்த மரணச் சான்றிதழும் அதையே சொன்னது.

போன அக்டோபரில் ஆல்மாவிடமிருந்து எனக்கு போன் வந்தது.

"வெய்ன், எனக்கு இடுப்பு மாத்தி வச்சிருக்காங்கப்பா. இனிமே பனி சுரண்டக் கூடாதாம். கேரேஜுக்கு கேஸ் ஹீட்டர் ஒண்ணு மாட்டிக் குடு."

நான் இருபத்தாறு வருடமாக கேஸ் லைன் வேலை செய்கிறேன். எத்தனையோ கேரேஜ் பார்த்திருக்கிறேன். இதற்கு மட்டும் போக மனசு வரவில்லை. "அடுத்த வாரம் பாக்கலாம்" என்று மூன்று வாரம் ஓட்டினேன்.

"டாக்டர் எனக்கு இடுப்பையே மாட்டிட்டான். உனக்கு ஒரு டப்பாவ மாட்டறதுக்கு இவ்ளோ யோசனையா?" என்றார். அதற்குமேல் தள்ளிப்போட முடியவில்லை.

கதவைத் தூக்கியபோது காலை ஒன்பது மணி, நல்ல வெயில். இருந்தும் உள்ளே காலெடுத்து வைக்க ஒரு நிமிஷம் ஆனது. வண்டியை எப்போதோ விற்றுவிட்டார்கள். அது நின்ற இடத்தில் சிமெண்டில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. நான் அதைச் சுற்றிச் சுற்றியே நடந்தேன், மிதிக்கவில்லை. கொக்கியில் ரூடியின் ஆரஞ்சு வேட்டைக் கோட்டு தொங்கியது. ஏணியில் நிற்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கிற மாதிரியே இருந்தது.

அப்புறம் அந்தச் சத்தம். காற்று அடிக்கும்போதெல்லாம் வடக்குச் சுவருக்குள்ளிருந்து 'ஹ்ஹா... ஹ்ஹா...' என்று யாரோ மூச்சுவிடுவதுபோல் வந்தது. கை தானாக நின்றது.

ஆல்மா வாசற்படியில், கையில் ஊன்றுகோலோடு நின்றார். உள்ளே வரவில்லை.

"உனக்கும் கேக்குதா?"

"கேக்குதும்மா."

"அப்பாடா. எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன். வீட்டுச் சமையலறை வரைக்கும் கேக்கும். அவர்தான் மூச்சுக்குத் தவிக்கிறார்னு..." மீதியைச் சொல்லாமல் வீட்டுக்குள் போய்விட்டார்.

புது ஹீட்டருக்கு எரிவதற்கான காற்று வெளியிலிருந்து வரவேண்டும், எரிந்த புகை வெளியே போகவேண்டும். இரண்டுக்கும் சேர்த்து சுவரில் ஒரு ஓட்டை போட வேண்டும். வடக்குச் சுவர்தான் தோது. அங்கே ஏற்கெனவே ஒரு தகரச் சதுரம் அடித்திருந்தது. அதைக் கழற்றினேன். பின்னால் சுவருக்குள் பழைய புகைக்குழாயின் துண்டு ஒன்று அப்படியே இருந்தது. வெளிப்பக்கம் பலகை விரிசலில் காற்று நுழைந்து அதில் ஊதிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் அந்த மூச்சு. சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஏனென்றால் குழாய்க்குள் டார்ச் அடித்துவிட்டேன். உள்ளே வைக்கோலும் இறகும் காய்ந்த புல்லும் இறுகிப் போய்க் கிடந்தன. பறவைக் கூடு. ஓரமாக ஒரு விரல்கூட நுழையாது.

ஏணியிலிருந்து இறங்கி, அந்த எண்ணெய்க் கறை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சமையலறையில் ஆல்மா வால்நட் வைத்துச் சுருட்டிய பொட்டீட்சா ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தார். நான் தொப்பியைக் கழற்றினேன்.

"அம்மா, அங்க முன்னாடி ஹீட்டர் இருந்துச்சா?"

"இருந்துச்சே. ரூடி எங்கயோ பழசு வாங்கிட்டு வந்து அவரே மாட்டினார். அவர் போனப்புறம் அவர் தம்பி கழட்டி எறிஞ்சுட்டு, ஓட்டையை ரெண்டு பக்கமும் அடைச்சுட்டார். ஏன்?"

"அன்னிக்கு அவர் அதைப் போட்டாரா?"

கத்தி நின்றது. "நவம்பர். முதல் குளிர். மான் வேட்டை ஆரம்பிக்க ஆறு நாள் இருந்துச்சு. துப்பாக்கி தொடைச்சிட்டு, வண்டி ரேடியோல ஃபுட்பால் ஆட்டம் கேக்கப் போறேன்னு போனார். அந்த வருஷம் அன்னிக்குத்தான் முதல் தடவை போட்டார். வேட்டைக்கு மூட்டை கட்டறவன் சாகப் போவானான்னு எல்லார்கிட்டயும் கேட்டேன்ப்பா. டேங்க்ல பாதி பெட்ரோல் அப்படியே இருந்துச்சு. காத்து இல்லாம இன்ஜின் தானா நின்னிருக்கும்னு சொல்லிட்டாங்க. ஹீட்டரை ஒருத்தரும் நிமிர்ந்துகூடப் பாக்கலை."

கூட்டைப் பற்றிச் சொன்னேன். புகை வெளியே போக வழியே இல்லை, அந்தக் காலத்து ஹீட்டரில் அதைக் கண்டுபிடித்து நிறுத்தும் கருவியும் இல்லை, விஷக்காற்று முழுக்க உள்ளேயே இறங்கியிருக்கும், சாவியை ரேடியோவுக்காக மட்டும்கூடத் திருப்பியிருக்கலாம் என்றேன். "இன்ஜின் ஓடவே இல்லைன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா அந்தக் குழாய் அடைஞ்சிருந்துச்சுன்னு எங்க வேணா கையெழுத்துப் போடுவேன்."

அவர் அழுவார், சந்தோஷப்படுவார் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். முகம் சாம்பலாகிவிட்டது.

"அந்த வசந்தத்துல சுவருக்குள்ள குஞ்சுங்க கத்துச்சு. ரூடி ஏணி எடுத்துட்டு வந்தார், கலைக்கிறேன்னு. நான்தான் விடலை. பாவம், பறந்து போகட்டும்னு சொன்னேன். அப்புறம் ரெண்டு பேருமே மறந்துட்டோம்."

கத்தியை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"பதினோரு வருஷம்," என்றார். "என்னை விட்டுட்டுப் போயிட்டியேன்னு அந்த மனுஷனைத் திட்டாத நாள் இல்லை. கல்லறைக்கு ஒரு பூ வைக்கலை."

பிறகு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். ஃபார்கோ நகரில் இருக்கும் மகன் டேரிலுக்கு. எதையும் மறைக்கவில்லை. கூடு, ஹீட்டர், ஏணியைத் தான் தடுத்தது, எல்லாம் சொன்னார். லைன் அறுந்துவிட்டதோ என்று நான் குனிந்து பார்த்தேன்.

"அம்மா," என்றது டேரிலின் குரல். "நான் குழந்தையே வேணாம்னு சொன்னேன்ல? அப்பா ரத்தத்துல இருந்தது எனக்கும் இருக்கும்னு பயந்துதான்ம்மா. கிறிஸ்டின் அதனாலதான் என்னை விவாகரத்து பண்ணிட்டுப் போனா."

ஆல்மா போனை மார்போடு அணைத்துக்கொண்டார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அந்தக் கூட்டைப் பிய்க்காமல் அட்டைப்பெட்டியில் வைத்தேன். புதுக் குழாயின் வெளிவாயில், உற்பத்தியாளர் சொன்ன வலைமூடியைப் போட்டு இரண்டு தடவை சரிபார்த்தேன்.

கவுண்டிக்கு போட்டோக்களோடு கடிதம் எழுதினேன். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. தற்கொலை என்றிருந்த இடத்தில் 'தீர்மானிக்க இயலவில்லை' என்று மாற்றியிருந்தார்கள். விபத்து என்று எழுத மறுத்துவிட்டார்கள். ஆல்மா அதைப் படித்துவிட்டு, "அவங்களுக்குத் தெரியலைன்னா தெரியலைன்னே இருக்கட்டும்" என்றார். ராத்திரித் தூக்கம் இன்னும் சரியில்லை என்றும் சொன்னார்.

மார்ச்சில் டேரில் வந்தான். ஹீட்டர் மாட்டியும் அதுவரை ஆல்மாவின் கார் வாசலிலேயேதான் நின்றது. காது ஓரம் நரைத்த பெரிய ஆள். கேரேஜில் நின்று ஹீட்டரையே பார்த்தான். விசிறி சுழன்று சூடான காற்று இறங்கியதும், "நிறுத்துங்க வெய்ன், முடியலை" என்றான். நிறுத்தினேன். வேட்டைக் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் ஒரு வாளிமேல் உட்கார்ந்திருந்தான். குளிரில் வாயிலிருந்து ஆவி வந்தது. அப்புறம் எழுந்து, தானே ஸ்விட்சைப் போட்டுவிட்டு, அம்மாவின் காரை உள்ளே கொண்டுவரப் போனான்.