நாற்பதாவது பெயர்

1

ஒத்தக்கடையில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒருவர் சொன்ன கதை இது. பாதியில் அவர் பஸ் வந்துவிட்டது. மீதி என் தலையில் விழுந்தது.

“2006 ஜூன் வெயில் கணினித் திரையில் பட்டு…” என்று ஆரம்பித்தேன். வெயிலுக்கு இங்கே என்ன வேலை? அடித்துவிட்டேன்.

2

முத்துமீனா ஒரு சின்ன மென்பொருள் ஆபீசில் சேர்ந்து மூன்று மாதம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சீனியர் வெங்கடேஷ்பாபு எழுதிய நிரலைப் படித்துப் பார்த்து ‘சரி’ போடுவது அன்றைய வேலை. ஒரு பெண்கள் விடுதிக்கு நாற்பது பேருக்கு அறை ஒதுக்கும் பட்டியல், ஐந்து மணிக்குள் போயாக வேண்டும். பட்டியலை வடிவமைக்கும் டெம்ப்ளேட் எல்லாப் பெயரையும் அடைப்புக்குறிக்குள் ஒரே வரியாகக் கோத்துத் துப்பும். நிரல் அதைக் காற்புள்ளி கண்ட இடமெல்லாம் வெட்டி, முதல் நாற்பது துண்டுக்கு இடம் கொடுக்கும்.

“டெஸ்ட் எல்லாம் பாஸு மீனா. சரின்னு போட்டுவிடு.”

(டெஸ்டுக்கு அவர் கொடுத்தவை தன் சொந்தக்காரப் பெண்களின் பெயர்கள்: இந்துப்ரியா, காவ்யஸ்ரீ. ஒரே பெயரில் இரண்டு பேர் அங்கே கிடையாது. முத்துமீனாவின் ஊரில் முனியாயி மட்டும் மூன்று பேர்; அப்பா பெயரையும் சேர்த்தால்தான் யாரென்று தெரியும்.)

முத்துமீனா உண்மைப் பட்டியலைப் போட்டுப் பார்த்தாள். அதில் ஒருத்தி, ‘முனியாயி, சோலை மகள்’ என்று எழுதியிருந்தாள். நிரல் அவளை இரண்டு பேராக்கி இரண்டு இடம் கொடுத்தது. கடைசியில் இருந்த செல்லக்கிளிக்கு இடமில்லை.

3

“முத்துமீனா பயந்து நடுங்கி…” இல்லை. பயந்தாள், வேலை போய்விடுமே என்று நிஜமாகவே பயந்தாள். ஆனால் பள்ளிப் பதிவேட்டில் அவளும் ‘முத்துமீனா, பேயாண்டி மகள்’தான். அவளால் கண்ணை மூடிக்கொள்ள முடியவில்லை.

“அண்ணே, நான் சரி போட மாட்டேன்.”

“ஏன்?”

“மாவா அரைச்சுட்டு அரிசிய எண்ணிக்கிட்டு இருக்கோம்ண்ணே. டெம்ப்ளேட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி பேரெல்லாம் தனித்தனியாத்தான இருக்கு? அங்கனயே எடுத்துக்கிருவோம். இல்லாட்டி இந்தச் செல்லக்கிளிப் புள்ள வெளிய நிக்கும்.”

4

முடிவு ஒன்று: அவர் எரிந்து விழுகிறார். (எழுதக் கை வரவில்லை.)

முடிவு இரண்டு: எல்லோரும் எழுந்து கைதட்ட… (வேண்டாம், எனக்கே கூசுகிறது.)

நான் கேட்டது இவ்வளவுதான். வெங்கடேஷ்பாபு திரையை இரண்டு தடவை படித்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தார்.

“நாந்தான் பாக்காம விட்டுட்டேன். வா, ஒக்காந்து நீயே மாத்து. விடுதிக்குப் போன் போட்டு இன்னும் கொஞ்ச நேரமாகும்னு நான் சொல்லிக்கிறேன்.”

அவள் உட்கார்ந்தாள். மணி நாலே முக்கால். முடித்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது, என் பேச்சை நம்ப முடியாது. பேனாவை நீங்களே பிடியுங்கள்.

செல்லக்கிளி. அறை எண்: ______