விட்டுப்போன எழுபது கிலோமீட்டர்

1

ஒரே கதையை மூன்று முறை கேட்டேன். முதல் முறை சிரித்தேன். அடுத்த இரண்டு முறையும் சிரிக்க முடியவில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்கு வேறு காரணம் இல்லை.

ரேலீனும் வாரிக்கும் அடிலெய்டில் இருபத்திரண்டு வருடமாக என் பக்கத்து வீட்டுக்காரர்கள். அவள் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்தவள். அவன் பள்ளிப் பேருந்து ஓட்டியவன்.* தாமரைச்செல்வி என்ற என் பெயரை முதல் நாளே 'டாம்மி' ஆக்கிவிட்டார்கள். நானும் விட்டுவிட்டேன்.

போன ஆகஸ்டில் பெர்த்தில் இருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்பினார்கள். விமானத்தில் மூன்றரை மணி நேரம். வாரிக் சாலை வழியாகத்தான் என்று பிடிவாதம் பிடித்தான். வேனின் பின்னால் மெத்தை போட்டு, கூரையில் கூடாரத்தைக் கட்டி, கேஸ் அடுப்பும் தண்ணீர் டின்களும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மேற்கு மாநில எல்லையில் பழம் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால், அதற்கு முன்பே காரை ஓரம் கட்டி இரண்டு கிலோ ஆரஞ்சை உட்கார்ந்து தின்று தீர்த்திருக்கிறார்கள். [காரா? வேன். திருத்தவேண்டும்.]

திரும்பி வந்த அடுத்த ஞாயிறு, கொல்லையில் இறைச்சி சுட்டுக்கொண்டே வாரிக் சொன்ன கதை இது.

நான்காம் நாள் காலை. மரமே இல்லாத அந்தச் சமவெளியில் ஒரு பெட்ரோல் பங்க், கூடவே ஒரு சாப்பாட்டுக் கடை. அதைத் தாண்டினால் நூற்று நாற்பத்தாறு கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. போன் எடுக்காது. ரேலீன் பின்னால் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாரிக் பெட்ரோல் போட்டுவிட்டு, உள்ளே போய்ப் பணம் கட்டிவிட்டு வந்து, வண்டியை எடுத்தான். அவன் உள்ளே இருந்தபோது அவள் எழுந்து கழிப்பறைக்குப் போயிருந்தாள்.

"எழுபது கிலோமீட்டர் போயாச்சு. பசி. சாண்ட்விச் கொடுன்னு கேட்டேன். பதிலே இல்ல. சரி, கோவமா இருக்கான்னு நெனச்சு இன்னொரு தடவ நைசா கேட்டேன்."

"முப்பத்தோரு வருஷத்துல நான் பதில் சொல்லாம இருந்தது அன்னிக்கு ஒரு தடவதான்," என்றாள் ரேலீன். "அதுகூட இவனுக்கு ஒறைக்கல. சாண்ட்விச் வரலேங்கிறதுதான் ஒறச்சிருக்கு."

நான் சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த வெங்காயம் புல்லில் விழுந்தது.

(* இருவரும் என்னைவிட மூத்தவர்கள். தமிழில் 'அவர்' என்றுதான் எழுதவேண்டும். எழுதிப் பார்த்தேன். "அவர் கூடாரத்தின் முளைக்குச்சியை அடித்தார்" என்றதும் வாரிக் தாசில்தார் மாதிரி ஆகிவிட்டான். இங்கே யாரும் யாருக்கும் 'அவர்' இல்லை.)

2

எழுதலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார்கள். எழுத உட்கார்ந்தபோதுதான் தொல்லை.

முதல் தொடக்கம்: "சமவெளியின் மேல் சூரியன் செம்பைப் போல

அடித்துவிட்டேன். அன்று சூரியன் எப்படி இருந்தது என்று வாரிக்கிடம் கேட்டால், "கண்ணாடி போட்டிருந்தேன்" என்கிறான்.

இரண்டாவது: "அவன் அவளை மறந்துவிட்டுப் போனான்." இது நிற்கும் போல இருந்தது. ஆனால் 'மறந்துவிட்டு' என்பதா, 'விட்டுவிட்டு' என்பதா? முதல் சொல்லைப் போட்டால் நகைச்சுவைக் கதை. இரண்டாவதைப் போட்டால் அவன் மேல் வழக்கே போடலாம். இரண்டு நாள் இந்த ஒரு வினையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாரம்தான் ரேலீனைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போகவேண்டி வந்தது.

3

கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். ரேலீன் பெரிய கறுப்புக் கண்ணாடியோடு என் காரில் உட்கார்ந்திருந்தாள். எதையும் சரியாகப் பார்க்க முடியாத அந்த அரை மணி நேரம் அவளுக்கு வசதியாக இருந்திருக்கவேண்டும்.

"எழுதறியே, சரியா எழுது," என்றாள். "நான் வெளிய வந்தப்போ வேன் அங்கதான் நின்னுச்சு."

நான் வேகத்தைக் குறைத்தேன்.

"ரோட்டு ஓரத்துல. மூணு பெட்டி கோத்த பெரிய லாரி ஒண்ணு போயிட்டிருந்துச்சு. அது போகட்டும்னு காத்துட்டிருந்தான். கைய ஒரு தடவ தூக்கியிருந்தா போதும், கண்ணாடியில தெரிஞ்சிருப்பேன்."

"தூக்கலையா?"

"கை ஈரமா இருந்துச்சு. ஜாக்கெட் பைக்குள்ள விட்டுக்கிட்டேன்."

ரேலீன் அங்கே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். வேன் புள்ளியாகி மறையும்வரை பார்த்தாள். நேர்ச் சாலை என்பதால் அது மறைய வெகுநேரம் ஆயிற்று. கடையில் இருந்த பெண் வெளியே வந்து, அவனைத் திருப்பி அனுப்பும்படி லாரிக்காரர்களுக்கு ரேடியோவில் சொல்லட்டுமா என்று கேட்டாள். "டீ குடிச்சிட்டுச் சொல்றேனே" என்றாள் ரேலீன். இரண்டு டீ குடித்தாள்.

"நாலு நாளா ஒவ்வொரு போர்டையும் சத்தமா படிக்கறான், டாம்மி. 'ஒட்டகம் கடக்கும் இடம்.' 'அடுத்த தண்ணி தொண்ணூறு கிலோமீட்டர்.' எனக்குப் படிக்கத் தெரியாதா? அந்தப் பெஞ்சுல ஒண்ணரை மணி நேரம் யாரும் எனக்கு எதையும் படிச்சுச் சொல்லல. கிழக்கால போற பஸ் எப்பன்னுகூட அந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் வேன் திரும்பி வந்துச்சு. அழுதுகிட்டே ஓடினேன். அந்த அழுகை நெசம். நடிக்கல. அதுதான் எனக்கே புரியல."

வீட்டு வாசலில் இறங்கும்போது ரேலீன் என் கையைப் பிடித்தாள். "அவன்கிட்ட மூச்சு விடாத. உங்க பாஷையில எழுதினா பரவாயில்ல. யாரு படிக்கப் போறா?"

(உங்களைத்தான் சொல்கிறாள்.)

4

மூன்று வாரம் கழித்து வாரிக் என் வீட்டுக் கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாயில் சருகு எடுத்துக்கொண்டிருந்தான். காட்டுத்தீப் பருவத்துக்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் எனக்காகச் செய்கிற வேலை. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"கதை எந்த மட்டுல இருக்கு?" என்று மேலிருந்து கேட்டான்.

"நீ சாண்ட்விச் கேட்ட இடத்துல நிக்குது."

ஒரு கைப்பிடிச் சருகு என் தலையில் விழுந்தது.

"சாண்ட்விச்சே கெடயாது. இருபதாவது கிலோமீட்டர்லயே தெரிஞ்சுபோச்சு."

ஈமூக் கோழிகள் நாலைந்து ஓடியிருக்கின்றன. அங்க பாரு என்று சொல்லியிருக்கிறான். 'ரோட்டப் பாத்து ஓட்டு' என்று பின்னாலிருந்து வரவேண்டிய பதில் வரவில்லை. வாரிக் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்கதவைத் திறந்தான். போர்வைக்கு அடியில் இரண்டு தலையணை.

"திருப்பத்தான் ஏறி உக்காந்தேன். சத்தியமா. ஆனா கை நேராவே பிடிச்சுக்கிச்சு."

"எவ்வளவு தூரம்?"

"அம்பது. ஜன்னல இறக்கிவிட்டேன். எங்கயும் போகணும்னு இல்ல. போயிட்டே இருக்கணும்னு இருந்துச்சு. பிரேக் போடு, லைட்டப் போடு, மெதுவான்னு யாருமே சொல்லல. முப்பது வருஷம் அறுபது பிள்ளைங்கள வச்சு ஓட்டினவன்டி நான். ஒரு கீறல் கெடயாது."

"அப்புறம் ஏன் திரும்பினே?"

வாரிக் கையுறையைக் கழற்றினான். அடிபட்டுச் செத்த கங்காரு ஒன்று சாலையில் கிடந்ததாம். அதன் மேல் ஒரு பெரிய கழுகு. வண்டி பக்கத்தில் போய் நின்றும் அது பறக்கவில்லை. இவனை நேராகப் பார்த்தது.

"'அடியே, இங்க பாரேன்'னு தலையத் திருப்பிச் சொல்லிட்டேன். காலி சீட்டுகிட்ட. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல. அதச் சொல்ல ஆள் இல்லன்னதும் கழுகையே பாக்கப் பிடிக்கல."

ஏணியிலிருந்து இறங்கியதும் வாரிக் சொன்னான்: "அவகிட்ட சொல்லிடாத, என்ன? உன் பாஷையில வேணா எழுதிக்க."

5

ஆக, என் கையில் இரண்டு பொய்யும் இரண்டு உண்மையும். கதை எழுதுகிறவளுக்கு இதைவிட அதிர்ஷ்டம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரிக்கு இதைவிடச் சங்கடமும் கிடையாது.

சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் வாரிக் திரும்பியே வருவதில்லை. ரேலீன் கிழக்கே போகும் பஸ்ஸில் ஏறுகிறாள். விறுவிறுப்பாக வந்தது. ஆனால் எழுதி முடித்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் இருவரும் கொடியருகே போர்வையை ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிந்துகொண்டிருந்தார்கள். கிழித்துப்போட்டேன். இன்னொன்றில் கூடார வாசலில் உட்கார்ந்து இருவரும் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார்கள். அதில் அவர்கள் பேசியது முழுக்க என் பேச்சு. வாரிக் தன் வாழ்நாளில் 'தனிமை' என்ற சொல்லைச் சொன்னவன் இல்லை.

மூன்றாவது முடிவு

இந்த இடத்தில் நிறுத்தவேண்டியதாயிற்று. வீட்டை விற்றுவிட்டுப் பெர்த்துக்கே, மகள் பக்கத்திலேயே போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டார்கள். "சனிக்கிழமை மதியம் சாப்பிட வா," என்றாள் ரேலீன் வேலியருகே நின்று. "அந்தக் கதையையும் எடுத்துட்டு வா. எங்களுக்குப் படிச்சுச் சொல்லணும்." பின்னால் நின்ற வாரிக்கும் தலையாட்டினான். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் என்னைப் பார்த்த பார்வை ஒரே பார்வை.

6

இதை ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன்.

நேற்று அவர்கள் வீட்டில் பாதி சாமான் பெட்டிகளுக்குள் போய்விட்டிருந்தது. ஆட்டுத் தொடை, உருளைக்கிழங்கு, புதினா சாஸ். சாப்பிட்டதும் தாள்களை எடுத்தேன். ஒரு பகுதிக்கு ஒரு தாள். முதல் பத்தியைத் தாண்டி, வரி வரியாக அவர்கள் மொழியில் மாற்றிச் சொன்னேன். ஆரஞ்சுக்குச் சிரித்தார்கள். தாசில்தார் என்றால் யார் என்று வாரிக் கேட்டான். இரண்டாம் பகுதி முடிந்தது. மூன்றையும் நான்கையும் சேர்த்துப் புரட்டிவிட்டு, "அப்புறம் வாரிக் திரும்பி வந்தான், ரேலீன் அழுதுகொண்டே ஓடினாள்" என்றேன்.

முப்பது வருடம் வரவேற்பு மேசையில் தாள்களைப் பார்த்தவள் அவள்.

"டாம்மி, ரெண்டு தாள் புரட்டினே. ஒரு வரிதான் சொன்னே."

"எங்க மொழி கொஞ்சம் நீளம்."

"இவ்வளவு நேரம் நீளமா இல்லையே?"

"விடு ரே," என்றான் வாரிக். "தொண்டை கட்டியிருக்கும் அவளுக்கு. தண்ணி குடு."

ரேலீன் தண்ணீர் எடுக்கப் போகவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். "இதுல என் பேரு எது?"

காட்டினேன். மறைக்கத் தோன்றவில்லை.

"இவன் பேரு?"

அதையும் காட்டினேன்.

அவள் நான் புரட்டிய இரண்டு தாள்களையும் மறுபடி முன்னால் எடுத்துப் போட்டு, விரலை மூன்றாம் தாளின் மேல் வைத்து மெதுவாக நகர்த்தினாள். தன் பெயர் வந்த இடங்களில் நின்றாள். கடைசி வரிவரை போனாள். "இதுல நான் மட்டும்தான் இருக்கேன்," என்றாள். குரல் இறங்கியிருந்தது. அப்போதே அவள் தாளைப் பட்டென்று கவிழ்த்து வைத்திருந்தால் எல்லாம் அதோடு போயிருக்கும். ஆனால் அதை ஓரமாக நகர்த்தினாள்; அடியில் நான்காம் தாள் இருந்தது. விரல் அதிலும் நகர்ந்தது. நடுவில் ஒரு முறை நின்று, மறுபடி மேலேயிருந்து தொடங்கினாள்.

"வாரி," என்றாள். "இந்தத் தாள்ல என் பேரே இல்ல. பூரா நீ."

அவன் எழுந்து வந்தான். அவளுடைய விரலைப் பார்த்தான், தாளைப் பார்த்தான், பிறகு கவிழ்க்காமல் விட்ட மூன்றாம் தாளைப் பார்த்தான். அதில் தன் பெயரைத் தேடுகிறான் என்று தெரிந்தது. அவனுக்கும் எழுத்தின் வடிவம் பிடிபட்டுவிட்டது.

யாரும் என்னைப் பார்க்கவில்லை.

"எத்தனாவது கிலோமீட்டர்ல?" என்றாள் ரேலீன்.

"நீ எப்ப வெளிய வந்தே?" என்றான் வாரிக்.

நான் எழுந்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டேன். கதவைச் சாத்தும்போது உள்ளே ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ உட்கார இழுத்தார்களா, எழுந்துபோக இழுத்தார்களா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது ஆளுக்கு ஒரு தாள். உங்களுக்கு இரண்டும் தெரியும். அந்த நாற்காலியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தாள்களை நான் மேசைமேலேயே விட்டுவிட்டு வந்தேன்.