தெருப் பக்கம் திறந்த ஜன்னல்

ணங்கென்று ஒரு சத்தம். போட்டோக்காரர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுப்படியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, ஜன்னல் கதவுதான். அடுப்படிக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுச்சுவரில் இருந்த அந்த ஜன்னல் வழியாகத்தான் தட்டுகள் போகும். கதவு மட்டும் கூடத்துப் பக்கம் திறக்கும். பழைய வாடிக்கையாளர்கள் குனிந்து போவார்கள். புதியவர்கள் அடிபட்டுப் பழகுவார்கள்.

"அப்பா, ஐஸ் வைங்க!" கல்லாவிலிருந்து மகள் கத்தினாள். "பத்திரிகையில நம்மளப் பத்தி நல்லபடியா போடணும்ல!"

வாரப் பத்திரிகை ஒன்று பேட்டை உணவகங்களின் வரலாற்றைத் தொடராகப் போடுகிறது. இந்த வாரம் இவர்கள் முறை. முதலாளி, அதாவது அவள் கணவர், இஸ்திரிச் சட்டையோடு ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து நிருபருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"கம்பெனி வேலைய உதறிட்டுத் துணிஞ்சு எறங்குனேன் சார். வீட்ல இவங்க கூடமாட ஒத்தாசை."

கூடமாட ஒத்தாசை! வாணலியில் கரண்டி கொஞ்சம் பலமாகவே மோதியது.

உதறியது அவரல்ல, கம்பெனி. அன்றைக்குச் சுவரைப் பார்த்துப் படுத்தவர், மாதக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இதே ஜன்னலைத் திறந்து, தெருவில் போகிறவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் நீட்டியவள் அவள். வாய்ப்பேச்சு என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். அச்சில் ஏறிவிட்டால்? வெட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டு, கல்லாவுக்கு மேலே மாட்டுவார். அதைத் தினமும் தூசி தட்டப்போவதும் அவள்தான். போய்ப் போட்டு உடைத்துவிடலாமா? ஊரார் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். மனுஷன் முகம் என்னாகும்?

போட்டோக்காரர் புடைப்பைத் தடவினார். "உள்பக்கம் திறக்கிற மாதிரி வெச்சிருக்கலாமே சார்?"

"அது... காத்துக்கு."

"அடுப்படிலேர்ந்து காத்தாப்பா?" மகள் களுக்கென்று சிரித்தாள்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அவள் திட்டினால் முதலாளி அசரமாட்டார். கரண்டி நின்றால்தான் பயப்படுவார். மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பினார். அவள் இவரைப் பார்க்கவில்லை. அணைத்த அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூடம் கட்டறப்ப மேஸ்திரி இத அடைச்சிடலாம்னார் சார். நான்தான் கை வைக்கக் கூடாதுன்னுட்டேன்."

அவளுக்கே இது புதுச் செய்தி. கஞ்சத்தனம் என்றல்லவா இத்தனை வருஷமாக நினைத்திருந்தாள்!

"ஏன் சார்?"

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

"நாம இப்ப உக்காந்திருக்கிற இடம் அப்ப தெருவோரம். இந்த ஜன்னல்தான் கடையே." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "முதல்ல சொன்னதை அடிச்சிடுங்க சார். நான் அப்ப படுத்துக் கெடந்தேன். அவகிட்ட கேளுங்க."

நிருபர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையில் கவளத்தோடு திரும்பினார்கள்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். எங்கே ஆரம்பிப்பது? வலது கதவு மட்டுமே திறந்திருந்தது. ஓர மேஜை வந்த நாளிலிருந்து இடது கதவு திறந்ததே இல்லை.

"கொஞ்சம் தள்ளுங்க" என்றாள்.

முதலாளி எழுந்து மேஜையைத் தானே இழுத்தார். அவள் உள்ளங்கையால் ஓங்கித் தள்ளினாள். கீல் கிறீச்சிட்டது. காய்ந்த பச்சைப் பெயிண்ட் பொலபொலவென்று அவருடைய இஸ்திரிச் சட்டையில் உதிர்ந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை.